மதிலோரத்துச் சுண்டல்

இன்று காலை என் வீட்டு ஏ.சி. வெளிப்பெட்டியின் மேல் குரங்கு மலம் கிடந்தது. உன் நினைவு வந்தது. இதை உன் அக்காவிடம் சொன்னால், "நன்னாயிருக்கு, நீயும் உன் ஞாபகமும்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். நீ இருந்திருந்தால், "கெட்டியா இருந்துதா, தண்ணியா இருந்துதா?" என்றுதான் முதலில் கேட்டிருப்பாய். கெட்டியாகத்தான் இருந்தது. அத்திப்பழ விதைகள் தெரிந்தன. வாடை வழக்கமானதுதான்: கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் பச்சிலை. வீட்டில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தச் சொன்னார்கள். நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கையில் மாதிரி எடுக்க ஒரு குழாய் இல்லையே என்று இருந்தது.

போய்விட்ட தோழியை நினைக்க மற்றவர்களுக்கு மல்லிகைப்பூ கிடைக்கிறது, காப்பி மணம் கிடைக்கிறது. எனக்கு இது. குறை சொல்லவில்லை, நாம் செய்த வேலை அப்படி.

உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதுவது அபத்தம்தான். இருந்தாலும் நீ போனபின் இந்தக் கதையை முழுதாகச் சொல்ல ஆளில்லை. துண்டு துண்டாகச் சொல்கிறார்கள், சுண்டல் என்றதும் சிரித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதனால் ஒருமுறை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

அடையாறில் ஒரே ஆய்வுக்கூடத்தில், எதிரெதிர் மேசையில் இருந்தோம். உன் பக்கம் வைரஸ், என் பக்கம் குடலில் வாழும் நுண்ணுயிர்கள். மயிலாப்பூரில் இருந்து நீ ஸ்கூட்டரில் வருவாய். மேற்கு மாம்பலத்தில் இருந்து நான் ரயிலும் பஸ்ஸுமாக மாறி மாறி வந்து, உள்ளே நுழையும்போதே எரிச்சலோடு இருப்பேன். ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்தில், ஊருக்கு நடுவே இருக்கும் காட்டில் ஒரு குரங்குக் கூட்டம் இருந்தது. நடுவகிடு எடுத்துச் சீவிவிட்ட தலையோடு நம் ஊரில் திரியும் அதே நாட்டுக் குரங்குகள்தான். இலையும் அத்திப்பழமும் பூச்சியும் தின்று காட்டில் வாழ்பவை. காட்டை ஒட்டி ஒரு குடியிருப்பு. மதிலுக்கு அந்தப் பக்கம் காடு, இந்தப் பக்கம் கார் நிறுத்துமிடம். வைரஸ் தொற்றும்போது காட்டுக் குரங்கின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் என்ன ஆகின்றன என்பதுதான் நம் கேள்வி. அதைப் பார்க்க மலம் பொறுக்க வேண்டும், விழுந்த சூடு ஆறுவதற்குள்.

அந்தக் குடியிருப்பில் பெருக்கிக் கூட்டும் அஞ்சலைக்கு நம்மைப் பார்த்தால் ஒரே குஷி.

"இன்னாமா, எம்மாம் பெரிய படிப்பு படிச்சுட்டு, இத்தப் போயி பொறுக்கிக்கினு கீறீங்கோ?"

"இதுக்குள்ள ஒரு ஊரே இருக்கு அஞ்சலை" என்றாய் நீ.

"எங்க ஊட்டுக்காரரு வவுத்துலகூடத்தான் கீது. வந்து பொறுக்கிக்கினு போங்கோ, புண்ணியமாப் போவும்."

நீ குழாயைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். மாதிரி ஆறிக்கொண்டிருக்கிறது என்று நான் கத்தினேன்.

அந்த ஆண்டு நவராத்திரியின்போது அந்தக் குடியிருப்பில் குழந்தைகளுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தன. அதே நாட்களில் குரங்குகளுக்கும் மூக்கு ஒழுகியது. சில குரங்குகள் தண்ணீராகக் கழிந்தன. காது கிழிந்த ஒரு பெண் குரங்கின் குட்டி செத்துப்போனது. பழியைக் குரங்கின் தலையில் போடக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளருக்கு அதிக நேரம் ஆகவில்லை. அவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, மனு எழுதுவதில் மன்னர். கூட்டத்தைப் பிடித்துத் தொலைவில் எங்காவது மலையில் விட்டுவிட வேண்டும் என்று எழுதினார். கார் நிறுத்துமிடத்தின் பின்னால் பெரிய இரும்புக் கூண்டு வந்து இறங்கியது. வனத்துறையின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதற்குமுன், குரங்குகளின் உடலில் உண்மையில் என்ன நடக்கிறது என்று அதிகாரிகள் நம்மிடம் கருத்துக் கேட்டார்கள். நாம் சொல்வதைப் பொறுத்து அந்தக் கூட்டம் இருக்கும், அல்லது போகும்.

நோய்ப்பட்ட குரங்குகளின் மாதிரிகளை முதலில் பார்ப்போம், மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்தோம். வைரஸை நீ கண்டுபிடித்தாய். குழந்தைகளுக்கு வந்த அதே வகை. என் பக்கமும் பலன் பிரமாதமாக இருந்தது. ஆவணியில் எடுத்த மாதிரிகளோடு ஒப்பிட்டால் குடலே தலைகீழாகிக் கிடந்தது. இலையைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் சுருங்கியிருந்தன, வேறு சில கண்டபடி பெருகியிருந்தன. வைரஸ் வந்தால் குடல் இப்படிக் கலைந்துபோகும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்! அறிக்கையை நான் எழுதத் தொடங்கிவிட்டேன். குரங்குகளைப் பற்றி உனக்கு வருத்தம்தான். ஆனாலும், "இருக்கறதைத்தானே எழுத முடியும்" என்றாய்.

பிறகு தீபாவளி வந்தது. விடிந்து எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மாம்பலத்தில் நான் இட்லியும் கறிக்குழம்புமாக உட்கார்ந்திருக்கிறேன், உன் அழைப்பு. உன் வீட்டில் அக்கா ஒரு உருண்டை லேகியத்தை உன் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "நவராத்திரியிலேர்ந்தே எனக்கு வயிறு சரியில்லைடி. தெனம் தெனம் சுண்டல். இதைச் சாப்டு, இல்லேன்னா பட்சணத்துல உனக்கும் கெட்டுடும்" என்றாராம். நீ லேகியத்தை வாயில் போடாமலேயே போனை எடுத்துவிட்டாய்.

"ஏய், வைரஸ் இல்லடி! சுண்டல்!"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குழம்பு இறங்கவில்லை. கொலு வைத்த வீடுகளில் சாயங்காலம்தோறும் சுண்டல். கொண்டைக்கடலை, பட்டாணி, பச்சைப்பயறு, மொச்சை. வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தபின் மிஞ்சியதை எல்லா வீட்டிலும் அஞ்சலையிடம் கொடுப்பார்கள். அவளிடம் ஓடிப்போய்க் கேட்டோம். "அத்தினி சுண்டல யாரு துன்றது? தூக்கிப் போட மனசு வர்ல, சாமிக்குப் படைச்சதாச்சே. செவுத்தாண்ட வெச்சேன், அதுங்கோ வந்து துன்னுட்டுப் போச்சுங்கோ" என்றாள். நவராத்திரி முழுக்க அந்தக் கூட்டம் இலையை விட்டுவிட்டுச் சுண்டலில் வாழ்ந்திருக்கிறது. நாமும் அதே நாட்களில் அதே சுண்டலைப் பொட்டலம் பொட்டலமாகத் தின்றுகொண்டு, அந்த மதிலோரத்திலேயே மலம் பொறுக்கிக்கொண்டிருந்தோம். வேறு ஊர்க்காரன் யாராவது வந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பான், இது என்ன புதுத் தீனி என்று. நமக்கு நவராத்திரியில் சுண்டல் என்பது கண்ணில் படுகிற பொருளே இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. உனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

நோய் வராத குரங்குகளின் மாதிரிகளை அவசர அவசரமாக எந்திரத்தில் ஓட்டிப் பார்த்தோம். அவற்றின் குடலும் அதேபோல் மாறியிருந்தது. என் பிரமாதமான பலனில் பாதிக்குமேல் கொண்டைக்கடலையின் வேலை. வைரஸின் பங்கு எவ்வளவு என்று அப்போது நமக்குத் தெரியாது. இதைச் சொல்லத்தான் குடியிருப்பின் பொதுக்கூடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம்.

"மேடம், நேராவே கேக்கறேன். குரங்குக்கு வைரஸ் இருக்கா, இல்லையா?" என்றார் செயலாளர்.

"இருந்தது."

"எங்க குழந்தைகளுக்கு வந்ததும் அதேதானா?"

"அதே வகைதான். ஆனா அது மனுஷாளுக்குப் பொதுவா வர்ற வகை. நாம அதுகளுக்குக் குடுத்திருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி."

"குரங்கு நமக்குக் குடுத்திருக்கவும் கூடும், இல்லையா?"

நீ கொஞ்சம் யோசித்தாய். யோசிக்காதே, வாயைத் திறக்காதே என்று மனதுக்குள் உன்னைத் திட்டினேன்.

"குடுத்திருக்கலாம். இல்லைன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

கூடத்தில் ஒரே சலசலப்பு. மேசைக்குக் கீழே உன் தொடையைக் கிள்ளினேன். நீ அசையவில்லை, சுண்டல் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டாய். முன்வரிசையில் இருந்த ஒரு மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்காத்துச் சுண்டலுக்கு என்ன குறைச்சல்? பெருங்காயம் போட்டுத்தான் பண்றேன்!" இன்னொருவர், தான் வெறும் வேர்க்கடலைதான் செய்ததாகவும் தனக்கும் குரங்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றும் எழுந்து நின்று சொன்னார். செயலாளர் மேசையைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனார்.

அந்தக் களேபரம் அடங்கியபின் நீ சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன்.

"கூண்டு வெச்சா எது மாட்டும்னு யோசிச்சுப் பாருங்கோ. தெம்பா இருக்கறது மாட்டாது. சீக்கா இருக்கறதும், குட்டியப் பறிகொடுத்துட்டுத் தனியா உக்காந்துண்டிருக்கறதும்தான் முதல்ல மாட்டும். அதைக் கொண்டுபோய் எங்கேயோ விட்டா வைரஸ் போயிடும், வயிறு பழையபடி ஆகாது. குடல்ல இருக்கறதெல்லாம் கூட இருக்கறவாகிட்டேர்ந்து வர்றது. குரங்குக்கும் அப்படித்தான், நமக்கும் அப்படித்தான். ஒண்ணுக்கொண்ணு பேன் பார்த்துண்டு ஒட்டிண்டு உக்காந்தாதான் போனது திரும்பி வரும். மார்கழி பொறக்கற வரைக்கும் விடுங்கோ. மதிலோரம் ஒண்ணும் போடாதீங்கோ. அதுக்குள்ள எல்லாம் சரியாகலைன்னா நானே கையெழுத்துப் போடறேன். பிடிச்சுண்டு போகட்டும்."

வெளியே வந்ததும் உன்னைப் பிடிபிடியென்று பிடித்தேன். இந்தக் குரங்குகளிடம் அப்படி நடக்கிறதா என்று நாம் பார்க்கவே இல்லையே, யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தாய் என்றேன். "குரங்கைக் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தாய். உன்னிடம் எனக்குப் பிடிக்காத குணங்களில் இது முதன்மையானது. உண்மையைச் சொல்லித் தானும் மாட்டிக்கொண்டு, பக்கத்தில் நிற்பவளையும் மாட்டிவிடுவது.

மிச்ச ஐப்பசியும் கார்த்திகையும் மழையில் போயின. மழையில் குரங்கைப் பின்தொடர்வதைப்போல ஒரு தண்டனை கிடையாது. விழுந்த மலம் நாம் போய்ச் சேர்வதற்குள் கரைந்துவிடும். மழைக்கோட்டோடு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம். எது வாலைத் தூக்குகிறதோ அதை நோக்கி ஓடுவோம். ஒருமுறை உன் கண்ணாடியிலேயே விழுந்தது. துடைப்பதற்குமுன் குழாயில் எடுத்தாய்.

பலன் மெல்ல வந்தது. சுண்டல் நின்றதும், நோய் வராத குரங்குகளின் குடல் சீக்கிரமே பழைய நிலைக்குத் திரும்பியது. நோய்ப்பட்டவை பின்தங்கின. உடம்பில் வைரஸ் காணாமல் போனபின்னும் குடலில் இருந்த நுண்ணுயிர்க் கூட்டம் திரும்பவில்லை. அப்போதுதான் வைரஸின் பங்கு நமக்குப் புரிந்தது. கலைத்தது பெரும்பாலும் சுண்டல். திரும்பி வருவதைத் தாமதப்படுத்தியது வைரஸ். கார்த்திகை போகப்போக அவையும் ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குத் திரும்பின. குட்டியை இழந்த அந்தக் கிழிந்த காதுக்காரி மட்டும் திரும்பவில்லை. தண்ணீர்த் தொட்டியின்மேல் தனியாக உட்கார்ந்திருப்பாள். கூட்டம் மழைக்கு ஒடுங்கி ஒட்டிக்கொண்டிருக்கும், அவள் நனைந்துகொண்டிருப்பாள். அவளுடைய மாதிரியில் வைரஸும் இல்லை, பழைய குடலும் இல்லை. எல்லாம் சரியாக வேண்டும் என்று வாக்குக் கொடுத்தது நீ. அந்த ஒருத்தியால் மொத்தக் கூட்டமும் போய்விடும் என்ற பயம் உன்னைப் பிடித்துக்கொண்டது. எனக்கும் பயம்தான். ஆனால் நான் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு நாள் மழை வெறித்த மத்தியானம், ஓர் இளம் பெண் குரங்கு தொட்டியின்மேல் ஏறி அவள் முதுகில் பேன் பார்க்கத் தொடங்கியது. அவள் முதலில் பல்லைக் காட்டினாள். பிறகு கையைத் தூக்கி அக்குளைக் கொடுத்தாள். நாம் இருவரும் கீழே நின்று பார்த்தோம். மறுநாளும் அது வந்தது. மார்கழி நெருங்கும்போது அவள் மற்றவற்றோடு ஒட்டிக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய குடலும் பழையபடி ஆகிவிட்டதைத் திரையில் பார்த்த அன்று நீ மூக்கை உறிஞ்சினாய். மழையில் பிடித்த சளி என்றாய். சரி என்று விட்டுவிட்டேன்.

இதை மட்டும் தனியாக ஒரு கட்டுரையாக எழுதலாம் என்று நான் துள்ளினேன். "ஒரே ஒரு குரங்கை வெச்சுண்டு ஒண்ணும் சொல்லப்படாது. தற்செயலாவும் இருக்கலாம்" என்று வெட்டிவிட்டாய். பிறகு வெளிவந்த நம் ஆய்வுக் கட்டுரையில் அவள் இல்லை.

மார்கழி பிறந்ததும் பலன்களை எடுத்துக்கொண்டு செயலாளரைத் தேடிப் போனோம். மனிதர் ஒரு சபா கேன்டீன் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். "குரங்கா? அது பாட்டுக்கு இருக்கட்டும் மேடம். குழந்தைகள்லாம் தெம்பாயிட்டா. இங்க அடை நன்னா இருக்கும், சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். கச்சேரிப் பட்டியலையும் தண்ணீர் லாரித் தகராறையும் வைத்துக்கொண்டு அவர் அல்லாடிக்கொண்டிருந்தார். நாம் மழையில் பட்ட பாட்டை யாரும் கேட்கவில்லை. உனக்கு அதில் வருத்தமே இல்லை. உட்கார்ந்து இரண்டு அடை சாப்பிட்டாய். கூட்டம் அங்கேயே இருந்துவிட்டது, இப்போதும் இருக்கிறது. கூண்டில் அஞ்சலை துடைப்பங்களை வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

நீ போனதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் சாய்ந்தாய் என்று உன் அக்கா சொன்னார். காரணம் தெளிவானது, மருத்துவர் விளக்கினார், நானும் புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டபின்னும் உன்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. உன் எதிர்மேசையில் இப்போது வேறொருவர் இருக்கிறார். நல்லவர், கேட்டால் மட்டும் பேசுவார்.

கொஞ்ச காலம் நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிட்டேன். சேர்ந்து சாப்பிடக் கூப்பிட்டவர்களிடம் வேலை இருக்கிறது என்றேன். பிறகு ஒரு நாள் உன் அக்கா அழைத்தார். "ஞாயித்துக்கெழமை ஆத்துக்கு வாங்கோ. தனியாச் சாப்ட எனக்குப் பிடிக்கலை." போனேன். சாதமும் மோர்க்குழம்பும் போட்டார். இப்போதும் மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு போகிறேன்.

அக்காவுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. எச்சில், பத்து என்று, யார் கை எதில் பட்டது என்பதுவரை பார்க்கிற வீட்டில் பிறந்தவள் நீ. ஆய்வுக்கூடத்தில் என் டப்பாவைத் திறந்து, நான் பாதி தின்ற வத்தக்குழம்புச் சாதத்தை என் கரண்டியாலேயே வழித்துத் தின்பாய். உன் தயிர்சாதம் என் பக்கம் வரும். "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதே, என்னை ஆத்துலயே சேர்க்க மாட்டா" என்பாய். ஆண்டுக்கணக்காக அப்படித்தான் தின்றோம். கூட இருக்கிறவர்களிடமிருந்துதான் எல்லாம் வருகிறது என்று அந்தப் பொதுக்கூடத்தில் நீ சொன்னது சரியென்றால், உன் குடலில் வாழ்ந்தவற்றில் சில என் குடலில் குடியேறியிருக்கும். உன்னை மயிலாப்பூர் மயானத்தில் எரித்தபின்னும் அவை இங்கே தின்று பெருகிக்கொண்டிருக்கும்.

இதைச் சோதித்துப் பார்ப்பது எனக்குப் பெரிய காரியமில்லை. புது எந்திரம் வந்த நாளில், அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க நம் இருவருடைய மல மாதிரிகளையும் போட்டோம். "குரங்குக்கு மட்டும்தான் இந்த மரியாதையா?" என்று நீதான் முதலில் குழாயை எடுத்துக்கொண்டு போனாய். அந்தத் தரவு இன்னும் கணினியில் இருக்கிறது. என் மாதிரியை இன்று ஓட்டி, உன்னுடையதோடு ஒப்பிட்டால், சில நாட்களில் தெரிந்துவிடும். மற்றவர்கள் கேட்டால் நேரமில்லை என்று சொல்லுவேன். உன்னிடம் பொய் சொல்ல முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. இல்லை என்று பலன் வந்துவிட்டால், அதையும் நான் நம்பித்தானே ஆக வேண்டும்.